காட்டோரச் செடிகளும் நம் பிள்ளைகளும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காடு என்றால் எது? விடிவதற்கு முன்பே பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, வாளியும் கத்தியுமாக "காட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்பினால், போவது பால்மர நிரைக்குத்தான். வரிசை பிடித்து, அடி அளந்து, மனிதர் நட்ட மரங்கள். அதையே நாம் காடு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த மரமோ இந்த மண்ணில் பிறந்ததன்று. 1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாருக்குப் போயின. பிறகு வந்த செம்பனையும் அப்படித்தான். ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான அந்த மரத்தின் 4 கன்றுகள் 1848-இல் ஜாவாவிலுள்ள போகோர் தோட்டத்தில் நடப்பட்டன. நம் நாட்டில் வாணிபத்துக்கென்று அதை முதன்முதலாகப் பயிரிட்டது 1917-இல், சிலாங்கூரில். நம் பாட்டன் பூட்டன்மாரும் அதே காலத்தில் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள்.

அப்படியென்றால், இவர்களெல்லாம் வருவதற்கு முன்பே இங்கே இருந்த செடிகொடிகள் எவை? அவை எங்கே போயின?

எங்கும் போய்விடவில்லை, நேயர்களே. லயத்துக்குப் பின்னால், அல்லூர் ஓரத்தில், ஆற்றங்கரையில் இன்றும் இருக்கின்றன. நாம்தான் அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் 'புதர்' என்றும் 'பெலுக்கார்' என்றும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் புதருக்குள் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போன கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் பள்ளி சிறிய பள்ளி. சுற்றிலும் செம்பனை. பள்ளிக்குப் பின்னே அல்லூரைத் தாண்டினால், ஆற்றை ஒட்டி ஒரு புதர்க்காடு நீளவாக்கில் கிடக்கிறது. அதை வெட்டாமல் விட்டு வைத்திருப்பது அழகுக்காக அன்று. ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை கரையோரத்தில் ஒதுக்குநிலம் விடவேண்டும் என்பது வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் நெறி. கரை சரியாமல் இருக்கவும், மண்ணும் உரமும் ஆற்றில் கலக்காமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. அதனால் அந்தத் துண்டு நிலம் தப்பியது.

முதலில் வகுப்பில் ஒரு சிறு சோதனை வைத்தோம். உங்களுக்குத் தெரிந்த செடி, மரங்களின் பெயர்களை எழுதுங்கள் என்றோம். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, வாழை, தென்னை என்று எழுதினார்கள். ஆப்பிள் மரத்தைப் பலர் எழுதினார்கள். ஒரு பெண் பிள்ளை அதைப் படமாகவே வரைந்துவிட்டாள். எங்கள் வட்டாரத்தில் ஆப்பிள் மரத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. பள்ளிச் சன்னலுக்கு வெளியே ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்த செடியைக் காட்டி, அது என்ன என்று கேட்டோம். "காட்டுச்செடி, சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

சனிக்கிழமை காலையில் புதர்க்காட்டுக்குப் போவதென்று முடிவு செய்து, பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினோம். ஒரு தகப்பனார் மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார். கோபமாக வரவில்லை; ஆனால் மனத்தில் வலி இருந்தது.

"எங்கம்மா முப்பது வருசம் இந்தத் தோட்டத்துல புல்லு வெட்டுனாங்க சார். அப்புறம் மருந்து டின்னை முதுகுல கட்டி அடிச்சாங்க. நகமெல்லாம் கறுத்து விழுந்துச்சு. என் மகனும் புல்லையே பார்த்துக்கிட்டு நிக்கணுமா? அவன் புத்தகத்தைப் படிக்கட்டும்."

நாங்கள் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. தோட்டத்தில் நம் பெண்கள் குனிந்து நிமிர்ந்த வேலையெல்லாம் இந்தச் செடிகளை அழிக்கிற வேலைதான். களையென்று அடித்த பாராகுவாட் மருந்து எத்தனை பேருடைய தோலையும் நகத்தையும் கண்ணையும் பாதித்தது என்பது நீங்கள் அறிந்ததே. 2020 சனவரி முதல் தேதியிலிருந்து அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பட்டவர்களுக்குப் பட்டது பட்டதுதான். செடி என்றாலே கூலி வேலை என்று அவருக்குத் தோன்றியதை எப்படிக் குற்றம் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை அவருடைய மகன் வந்தான். கூடவே அவனுடைய பாட்டியும் வந்தார். நகம் விழுந்ததாகச் சொன்னாரே, அதே அம்மாள். "பய ஆத்துப் பக்கம் போறான்னு சொன்னான். அங்க ரெங்காஸ் மரம் இருக்குதே, தம்பி. தெரியாம தொட்டுட்டா?" என்றார்.

எங்களுக்கு அது தெரியாது, நேயர்களே. உண்மையைச் சொல்வதில் வெட்கம் இல்லை. ரெங்காஸ் என்பது நம் ஆற்றங்கரைகளில் வளரும் மரம். மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? இதன் பாலும் அப்படித்தான். தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். பால் வடிந்து காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். ஆகவே பட்டையில் கறுப்புக் கறை தெரியும். அந்த அம்மாள் எங்களை நேராக அழைத்துப் போய், பத்தடி தூரத்தில் நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் கற்ற முதல் பாடம் அது. ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததன்று.

அதன் பிறகு சன்னலுக்கு வெளியே பூத்த அந்த ஊதாப்பூச் செடிக்கு வந்தோம். மலாய்க்காரர்கள் இதைச் செண்டுடோக் என்பார்கள். பாட்டி, "நாங்க சின்னப் பிள்ளையில மைப்பழம்னு சொல்லுவோம்" என்றார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, பழுத்து வெடித்திருந்த காயொன்றைப் பறித்து வாயில் போட்டு, நாக்கை நீட்டினார். நாக்கு மை தொட்டது போல் கறுத்திருந்தது. பிள்ளைகளின் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. இந்தச் செடியின் விஞ்ஞானப் பெயர் மெலஸ்டோமா. கிரேக்க மொழியில் அதற்குக் 'கறுத்த வாய்' என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியும், இலத்தீனும் கிரேக்கமும் படித்த ஒரு பண்டிதரும் ஒரே செடியைப் பார்த்து ஏறக்குறைய ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செடியை அடையாளம் காண்பது எப்படி? இலையைப் பாருங்கள் என்றோம். பெரும்பாலான இலைகளில் நடுவே ஒரு நரம்பு ஓடும். அதிலிருந்து கிளை நரம்புகள் பிரியும். இதில் அப்படியில்லை. காம்பருகே தொடங்கி நுனிவரை மூன்று பெரு நரம்புகள் சேர்ந்தாற்போல் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே ஏணிப்படி வைத்தாற்போலக் குறுக்கு நரம்புகள். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும். தொட்டால் சொரசொரப்பு. பூவுக்கு ஐந்து இதழ்.

அப்போது ஒரு பையன், "இதோ இங்கேயும் இருக்குது சார், வெள்ளைப்பூ" என்று கத்தினான். போய்ப் பார்த்தோம். நரம்புகள் அதே விதமாக ஓடின. ஆனால் இலை அகலமாக இருந்தது. இலையிலும் தண்டிலும் நீண்ட மயிர்கள். பூ சிறியது, வெள்ளை. இது செண்டுடோக் அன்று. அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. கிளிடேமியா என்று பெயர். மலாயில் செண்டுடோக் புலு, அதாவது மயிர்ச் செண்டுடோக். பல நாடுகளில் காடுகளுக்குள் புகுந்து மற்றச் செடிகளை நெருக்குகிற செடி இது. பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு செடிகளில் ஒன்று இந்த மண்ணுக்கு உரியது, மற்றது வந்தேறி. எது எது என்று பத்து வயதுப் பிள்ளைகள் விரலால் தடவியே பிரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அன்றைய வகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

வந்தேறி என்றதும் ஒரு பிள்ளை, "அப்போ நாமும் வந்தேறியா, டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். சில பேர் நம்மை அந்தச் சொல்லால் அழைத்ததைக் காதில் வாங்கியிருப்பாள் போலும். செடிக்கு வைத்த சொல்லை மனிதருக்கு வைக்கக் கூடாது, அம்மா என்றோம். நீ பிறந்தது இங்கே, உன் தாயும் தகப்பனும் பிறந்ததும் இங்கே என்றோம். அவள் தலையாட்டினாள். அது போதுமான பதிலா என்று எங்களுக்கே இன்னும் ஐயம் உண்டு.

அடுத்தது மஹாங். குடைபோல் பெரிய இலை. சில வகைகளில் காம்பு இலையின் ஓரத்தில் ஒட்டாமல், தாமரை இலையில் உள்ளது போல் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். காடு அழித்த இடத்தில் முதலில் முளைக்கும் மரங்களில் இதுவும் ஒன்று. பால்மரத்துக்கும் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் இது உறவு; ஒரே குடும்பம். சில மஹாங் வகைகளின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். அதற்குள் எறும்புகள் குடியிருக்கின்றன. மரம் அவற்றுக்கு வீடு தருவதோடு நிற்காமல் சோறும் போடுகிறது: வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகளை அதுவே உண்டாக்கித் தருகிறது. எறும்புகள் அதற்குப் பதிலாக இலை தின்ன வரும் புழுக்களைக் கடித்து விரட்டும். மரத்தைச் சுற்ற வரும் கொடியின் நுனியையும் கடித்துப் போடும். இதைச் சொன்னபோது ஒரு பையன் மெல்ல ஒரு கிளையைத் தட்டினான். எறும்புகள் வெளியே வந்தன. மற்றதை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

நிழலான ஈரத் தரையில் வெற்றிலை போன்ற இலைகள் படர்ந்திருந்தன. பிள்ளைகள் வெற்றிலை என்றார்கள். பாட்டி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து, "இது காடோக். மெல்லுனா காரம் இருக்காது" என்றார். வெற்றிலையும் காடோக்கும் மிளகும் திப்பிலியும் ஓரினம். வெற்றிலைக் கொடி கொம்பைப் பற்றி ஏறும். காடோக் தரையோடு கிடக்கும். மலாய்க்காரர்கள் இதன் இலையை ஊலாமாகச் சோற்றோடு சேர்த்து உண்கிறார்கள். தகுதிக்கு மேல் தன்னை உயர்த்திக்கொள்பவனைக் 'கொழுகொம்பில் ஏறிய காடோக்' என்று கேலி செய்யும் பழமொழியும் அவர்களிடம் உண்டு.

வல்லாரையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, மலாயில் பெகாகா. தமிழ்நாட்டிலும் இருக்கிறது, இங்கும் தானாகவே இருக்கிறது. நம்மவர்கள் வந்து இறங்கியபோது தெரிந்த முகமாக இங்கே காத்திருந்த செடிகளில் இதுவும் ஒன்று. நீலகிரிப் பக்கத்தில் தவிட்டுக்கொய்யா என்று சொல்லும் பழச்செடி இன்னொன்று. இங்கே அதற்குக் கெமுந்திங் என்று பெயர். ஆற்றோரம் உயர்ந்து நின்ற பூலாய் மரத்தைக் காட்டி, கீழே விழுந்து கிடந்த கிளையின் இலைகளை எண்ணச் சொன்னோம். ஒரு கணுவைச் சுற்றி ஒருவன் ஏழு என்றான், ஒருத்தி ஆறு என்றாள். தமிழில் ஏழிலைப்பாலை என்று சொல்லும் மரம் இந்த இனத்தைச் சேர்ந்ததே. காம்பை ஒடித்தால் பால் வரும். ஆனால் பால்மரத்துக்கு உறவில்லை. இது அரளிக் குடும்பம். பால் வந்தால் மட்டும் போதாது, இலை நிற்கும் விதத்தையும் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் ஏழிலைப்பாலைப் பலகையில்தான் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவார்களாம். அதனால் அதன் விஞ்ஞானப் பெயரிலேயே பள்ளி இருக்கிறது.

ஓய்வுக்கு உட்கார்ந்தபோது பாட்டி தம் தாயார் சொன்ன கதையொன்றைச் சொன்னார். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலம். அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கும் காட்டோரத்துக் கீரையுமே சோறு. ஆண்கள் பலரைச் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்தப் பெரணியின் சுருண்ட கொழுந்தைத் தின்னலாம், எந்தச் சேம்பு நாக்கை அரிக்கும் என்று கண்டு சொல்லத் தெரிந்த பெண்கள்தாம் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றினார்களாம். "அம்மாவுக்கு நூறு செடி தெரியும். எனக்கு அம்பது இருக்கும். இவன் அப்பனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் பிள்ளைகள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். செடிக்கு ஒரு பக்கம். இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்புகள் அப்படியே பதிகின்றன. கீழே மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர், வீட்டில் சொல்லும் பெயர். இந்த மூன்றாவது வரிக்காகப் பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் பெயர் மட்டுமா வருகிறது? இதை அரைத்துத் தடவினோம், இதில் துடைப்பம் கட்டினோம் என்று கதையும் சேர்ந்து வருகிறது. ரெசாம் பெரணியின் காம்பைச் சீவி மலாய்க்காரர்கள் ஜாவி எழுதும் எழுதுகோலாக்கினார்கள் என்பதை ஒரு பிள்ளை பக்கத்துக் கம்போங்கிலிருந்து கேட்டு வந்து எழுதினான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளோடு நீங்களும் இதைச் செய்யலாம். சில எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளைப் புதருக்குள் விடாதீர்கள். காலுக்குப் பூட்ஸ் வேண்டும். திரும்பியதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அடையாளம் தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. குன்றிமணியைச் சிறு பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொள்வார்கள்; கறுப்புப் புள்ளி வைத்த அந்தச் சிவப்பு விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுவதும் சிவப்பாக இருக்கும் ஆனைக்குன்றிமணி வேறு; அதையும் வாயில் போட விடாதீர்கள். இன்னொன்று: தோட்ட ஓரத்து வல்லாரையைப் பறித்துத் துவையல் அரைக்காதீர்கள். பாராகுவாட் போய்விட்டது என்றாலும் வேறு களைமருந்துகள் அடிக்கிறார்கள். இலையைப் பார்த்தால் மருந்து தெரியாது.

வசதி கிடைத்தால் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஈயம் தோண்டிப் பாழாகிக் கிடந்த நிலத்தில் 1920-களில் மரம் நடத் தொடங்கி, மனிதர் கையால் உண்டாக்கிய காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. பாழான மண் மறுபடியும் காடாகும் என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு செடியை உறுதியாக அடையாளம் காண இலை மட்டும் போதாது. பூவும் காயும் வேண்டும். உயரமான மரமாக இருந்தால் பூவை எப்படி எடுப்பது? சிங்கப்பூர்ப் பூமலையில் பணியாற்றிய கார்னர் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வழி கண்டார். தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளை மரத்தின் மேல் ஏற்றிக் கிளைகளை ஒடித்துப் போடச் செய்தார். மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பெயர் பெற்றது. இதைக் கேட்டதிலிருந்து, பள்ளிக்கு ஒரு குரங்கு வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் எங்களை நச்சரிக்கிறார்கள்.

அந்தத் தகப்பனாரைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் மனம் மாறிவிட்டதாக நாங்கள் சொல்ல மாட்டோம். இன்றைக்கும் பார்க்கும்போது, "கணக்கு ஒழுங்கா சொல்லிக் குடுங்க சார்" என்றுதான் சொல்கிறார். ஆனால் போன மாதம் அவருடைய மகன் பிளாஸ்டிக் பையொன்றைக் கொண்டுவந்தான். உள்ளே ஒரு கொத்து இலை. "அப்பா குடுத்தாரு சார். வேலை செய்யுற எடத்துல மோட்டு மேல ஒரு கொடி. பாட்டிக்கும் தெரியலையாம். என்னன்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு" என்றான்.

இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எதிரெதிர் இலை, நடுவில் ஒரு நரம்பு, ஒடித்தால் பால் இல்லை. எங்களிடமுள்ள புத்தகங்களில் அதைப் போன்றவை பல இருக்கின்றன. பூவில்லாமல் சொல்ல முடியவில்லை. பழைய பத்திரிகைக்கு இடையில் வைத்து அழுத்தி, குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கொடியை வெட்டிவிடாமல், பூத்ததும் ஒரு பூவைக் கொடுத்தனுப்புமாறு அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.